பக்கெட்டுக்குள் ஒரு கார்த்திகை விளக்கு

நான் ஆசை ஆசையாய்ச் செய்துகொடுத்த பரிசு ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட்டில் முழுகிக் கிடந்தது. போன வாரம், விஸ்வநத்தத்தில், முத்துச்செல்வி வீட்டு வாசலில். பக்கெட்டைச் சுற்றி அந்தத் தெருவே நின்றுகொண்டிருந்தது... கொஞ்சம் தள்ளி!

பரிசைப் பிரிக்காமல் பரணில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த கல்யாணத்துக்கு அதையே கைமாற்றி விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் முக்கி வைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

கதையை முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

பாத்ரூம் சுவரில் வெளிச்சம் வரட்டும் என்று கனமான கண்ணாடிக் கல் பதிப்பார்களே, பார்த்திருப்பீர்கள். சதுரமாக இருக்கும், உள்ளே காலி. எங்கள் வீட்டு வேலை முடிந்தபோது அதில் சில கற்கள் மிஞ்சின. அதில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே சீரியல் லைட்டை விட்டு, ரிப்பன் கட்டினால் ஜோரான பரிசு என்று சென்னையில் இருந்து தங்கை போனில் சொன்னாள். பிடித்தது பைத்தியம்.

கண்ணாடிக் கடைக்காரர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ட்ரில் போட்டார். முதல் கல் விரிசல் விட்டது.

"இதுக்குள்ள எதுக்குக்கா லைட்டு?" என்றார்.

"சும்மா, அழகுக்கு" என்றேன். அழகுக்கு என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் அடுத்த கேள்வி வராது. பாவம் என்பதுபோல் ஒரு பார்வை வரும், அவ்வளவுதான்.

ஆனால் முதன்முதலாக ஒரு கல்லில் வெளிச்சம் வந்த அந்தச் சாயங்காலம் இருக்கிறதே! மாடி அறையின் ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்விட்சைத் தட்டினேன். கண்ணாடியின் நெளிவுகளில் ஒவ்வொரு பல்பும் இரண்டாய், மூன்றாய்க் கரைந்து பரவியது. மழை நேரத்தில் பஸ் ஜன்னல் வழியே தெரிகிற ஏதோ ஓர் ஊர் மாதிரி... என்ன ஊர் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றாது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். கீழே குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைய பருப்பை வீட்டில் யாரும் வாயில் வைக்கவில்லை.

தீபாவளிக்குச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன். கடைசியில் ஒரே ஒரு கல் மிஞ்சியது. அது யாருக்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

முத்துச்செல்வி எங்கள் பிரிண்டிங் பிரஸ்ஸில் காலண்டர் தலைக்குத் தகரப் பட்டை அடிக்கிறாள். அதற்கு முன்னால் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் இருந்தவள். பக்கத்து ஷெட் வெடித்தபோது இடது கையில் தீக்காயத்தோடு தப்பினாள். அன்றில் இருந்து தீக்குச்சியைத் தொடுவதில்லை. ஊர் ஊராகத் தீப்பெட்டி அனுப்புகிற மண்ணில், ஒரு குச்சி உரசாத பெண்! காலையில் அடுப்பைப் பற்ற வைப்பது அவள் கணவர் பாண்டி. லாரி டிரைவர். அவர் வெளியூர் போய்விட்டால் பக்கத்து வீட்டு லட்சுமி.

இந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு வீடு கட்டிக் குடிபோனார்கள். கார்த்திகை சமயம் பார்த்துப் பாண்டிக்கு வெளியூருக்குக் காலண்டர் லோடு.

"புது வீட்டுல மொதக் கார்த்திகைக்கா" என்றாள் செல்வி, தகரத்தை அடித்துக்கொண்டே. "லச்சுமி வந்து ஏத்தித் தாரேன்னுதான் சொல்லுறா. வீட்டுக்காரி நான் குத்துக்கல்லாட்டம் நிக்கையில, மொத வெளக்க இன்னொருத்தி ஏத்துனா நல்லாவாக்கா இருக்கும்? இருட்டாவே கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

சொன்ன குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தகரத்தில் விழுந்த அடிதான் பலமாக இருந்தது. எனக்கு அந்த மாடி அறை ஞாபகம் வந்தது. தீயே இல்லாத வெளிச்சம் ஒன்று என்னிடம் இருக்கிறதே!

போன வாரம் கொண்டுபோனேன். வீடு பூட்டியிருந்தது. வந்து பார்க்கட்டும், சர்ப்ரைஸாக இருக்கும் என்று வாசற்படியில் வைத்துவிட்டு, கோயில் வரை போய்விட்டுத் திரும்பினேன். திரும்பி வந்தால்... பக்கெட்!

அந்தக் கல்லை நான் எதில் சுற்றியிருந்தேன் தெரியுமா? பிரஸ்ஸில் கழித்துப்போட்ட தாளில். எங்கள் பிரஸ்ஸில் கழித்த தாள் என்றால் பட்டாசு லேபிள்தானே? கலர் கலராய்ப் பூச்சிதறும் படம். பளபளவென்று இருக்கிறதே என்று எடுத்துவிட்டேன். பிளக்கை உள்ளே மடக்கிவிட்டதால், முறுக்கின பச்சை ஒயர் மட்டும் ஒரு மூலையில் நீட்டிக்கொண்டிருந்தது. வேறு ஊர் என்றால் இது கிஃப்ட். இங்கே? லேபிள் ஒட்டி, திரி வைத்து, பூட்டிய வீட்டு வாசலில் கேட்பாரில்லாமல் உட்கார்ந்திருக்கும் வெடிச் சரக்கு!

"இதை யார் தண்ணீரில் போட்டது?" என்றேன்.

"செல்விதான்க்கா" என்றாள் லட்சுமி. "நாங்க அம்புட்டுப் பேரும் ஒதுங்கி நிக்கோம். இவ பாட்டுக்கு ரெண்டு கையிலயும் தூக்கிட்டுப் போயி முக்கிட்டா."

செல்வியின் சேலையெல்லாம் ஈரம். "பிள்ளைக வெளாண்டுக்கிட்டு இருந்துச்சுகக்கா. ஒண்ணு அதும் மேலயே உக்காரப் போச்சு. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. அதுக்காகப் பாத்துக்கிட்டா நிக்க முடியும்?"

தீக்குச்சியைத் தொடாதவள், வெடி என்று நம்பியே அதைக் கையில் தூக்கியிருக்கிறாள். ஒருவரைப் பயந்தாங்கொள்ளி என்று எவ்வளவு சுலபமாக முடிவுகட்டிவிடுகிறோம்...

"செல்வி, அது வெடி இல்லை. கார்த்திகைக்கு உனக்குச் செய்த விளக்கு."

தெரு முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. பக்கெட்டையே பார்த்தாள்.

"எனக்குன்னு செஞ்சீகளா? அதப் போயி முக்கிட்டேனே..." கண் கலங்கிவிட்டது.

கல்லை எடுத்துவந்து மாடி வெயிலில் கவிழ்த்துவைத்தேன். உள்ளே புது சீரியல் லைட் விட்டேன். ஆனால் அந்தத் தெருத் தண்ணீர் உப்புத் தண்ணீர். காய்ந்த பிறகு கண்ணாடியின் உள்பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு. துடைக்கவும் வழியில்லை, வேறு கல்லும் இல்லை. மனசே இல்லாமல் அதையே கொண்டுபோனேன்.

முந்தாநாள் கார்த்திகை. தெருவில் வீட்டுக்கு வீடு அகல் வரிசை. செல்வி வீட்டு வாசலில் கோலம் மட்டும். அதன் நடுவில் கல்லை வைத்து, ஒயரை உள்ளே இழுத்து, பிளக்கைச் சொருகினேன். எனக்கு ஒரே கவலை, கரண்ட். இப்போதெல்லாம் அது எப்போது போகும் என்று யாருக்குத் தெரிகிறது?

செல்வி கையை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

சத்தமே இல்லாமல் வெளிச்சம் வந்தது. உப்புப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரமாகியிருந்தது! மேலே போய் விரிந்த வாணம், கீழே இறங்க மனசில்லாமல் அப்படியே நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நான் துடைத்துத் துடைத்துக் கொடுத்த எந்தக் கல்லிலும் இந்த வானம் இல்லை.

அவள் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் ஒரு விரல். அப்புறம், தழும்புள்ள அந்த இடது கை முழுவதையும் கண்ணாடி மேல் வைத்தாள்.

"சுடவே இல்லக்கா..."

அப்போது அவளுடைய செல்போன் அடித்தது. பாண்டி, எங்கேயோ ஹைவேயில் இருந்து. அவர் குரல் எனக்கே கேட்டது.

"வெளக்கு ஏத்தியாச்சா? லச்சுமி வந்துச்சா?"

"யாரும் ஏத்தித் தரல. நானே ஏத்துனேன்."

அந்தப் பக்கம் லாரியை ஓரங்கட்டுகிற சத்தம். பிறகு, "இன்னொருக்கச் சொல்லு" என்றார்.

"நாந்தான் ஏத்துனேங்கேன்ல!"

அன்றைக்குப் பார்த்து அந்தத் தெருவில் கரண்ட் போகவே இல்லை. கரண்ட் ஆபீசுக்கும் ஒரு கண்ணாடிக் கல் செய்து அனுப்பலாம் என்றிருக்கிறேன் — இந்த முறை வெறும் வெள்ளைத் தாளில் சுற்றி!