கூரை போடக் கூடாத பட்டறை

லேத்தக்காவின் பட்டறைக்கு ஒன்பது வருடம் வானம்தான் கூரை. கூரையைப் பிரித்தது எதிரி இல்லை. அவளேதான் ஆள் வைத்துப் பிரித்தாள்.

லேத் என்கிற கடைசல் மெஷினில் கணவரிடம் கற்ற வேலையை அவர் போன பிறகும் அவள் விடவில்லை. சுற்றுவட்டாரத்துப் பம்புகளுக்கெல்லாம் தண்டு கடைந்தாள். அவள் கடைந்த தண்டில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். நானே இரண்டு ஈ பார்த்திருக்கிறேன். இன்னொரு லேத் போட இடம் போதாமல், பட்டறையை அகலமாக்கக் கூரைத் தகடுகளைக் கழற்றினாள். அன்றைக்கென்று பார்த்து, மனையில் தனக்கும் பங்குண்டு என்று கொழுந்தன் வேலிக் கம்பிகளோடு வந்து நின்றான். அக்கா போட்டது போட்டபடி கோர்ட்டுக்கு ஓடினாள்.

மூன்றாம் நாள் உத்தரவு கிடைத்தது. வழக்கு முடியும்வரை மனை இருந்தபடியே இருக்க வேண்டும். இரு தரப்பும் எதையும் மாற்றக் கூடாது. ஜெயித்த மாதிரி பட்டறைக்கு வந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

தார்ப்பாய் கட்டினாள். கொழுந்தன் தெருவில் நின்று படம் எடுத்தான்.

"என்ன அண்ணி, மாத்தக் கூடாதுன்னு ஆர்டர் வாங்கினதே நீங்கதானே?"

"மழையில மெஷின் நனையுது தம்பி."

"அதையும் ஜட்ஜ் கிட்டயே சொல்லுங்க."

தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு, சொல்ல மனுப் போட்டாள். மனு எடுக்கப்படுவதற்குள் நான்கு மழைக்காலம் போனது, வக்கீலின் தலைமுடியும் போனது. எடுத்தபோதும், தீர்ப்போடு சேர்த்துப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். லேத்தை வேறு இடத்துக்குத் தூக்கினால் மனை கைவிட்டுப் போகும் என்று வக்கீல் தடுத்துவிட்டார். ஈர மோட்டார் ஷாக் அடித்ததில் மின்இணைப்பைத் துண்டித்தார்கள். அவளிடம் இருந்த இரண்டு கடைசல்காரர்களும் பிழைப்புக்கு வேறு ஊர் போனார்கள். பம்புகளும் அவர்கள் பின்னாலேயே போயின. அக்கா மட்டும் தினமும் வந்து லேத்துக்கு எண்ணெய் தடவினாள்.

ஒன்பதாம் வருடம் மனை முழுவதும் அவளுக்கே என்று தீர்ப்பானது. பதிவேட்டில் பெயர் மாற்ற மனுக் கொடுத்தாள். சர்வேயர் வந்து அளந்து, 'காலிமனை' என்று எழுதினார்.

"சார், இது பட்டறை. லேத் நிக்குது பாருங்க."

"கூரை இல்லன்னா கட்டடக் கணக்குல வராதும்மா. இந்தத் தெருவை வீடுகளுக்குன்னு ஒதுக்கி மூணு வருஷமாச்சு. ஓடிக்கிட்டிருந்த பட்டறைக்குத்தான் விலக்கு."

"ஓட விடலையே சார்."

"அது கோர்ட் விஷயம்." கொஞ்சம் யோசித்து, "தாராளமா வீடு கட்டிக்கலாம்" என்றார்.

பழைய இரும்புக்காரர் லேத்தைத் துண்டு போட்டு ஏற்ற ஒரு பகல் பிடித்தது. மறுநாள் அக்கா, தன்னிடம் வேலை பார்த்தவர்களுள் ஒருவர் போட்டிருந்த பட்டறைக்குப் பஸ் ஏறிப் போனாள், தினக்கூலிக்கு.