உபயம் எழுதிய சைக்கிள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். நோட்டீஸ் போர்டு, ஆண்டு விழா பேனர், பிரிவு உபசார மடல் எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நாங்கள் ஆறு பேர். பழைய சைக்கிள்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, பழுது பார்த்து, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். சங்கம், தலைவர், செயலாளர் என்று எதுவும் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தென்னூரில் நண்பர் ஒருவர் காரை விற்றுவிட்டதால் காலியாகக் கிடக்கும் ஷெட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடுவோம். என் கணவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டிகளைப் பிரித்து மாட்டியவருக்கு சைக்கிள் எம்மாத்திரம்? ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டால் நான் கூப்பிடுவதுகூட அவர் காதில் விழாது. எடுக்காவிட்டாலும் பெரும்பாலும் விழாது.

அரசாங்க சைக்கிள் ப்ளஸ் ஒன் போனால்தான் கிடைக்கும். ஆறாவது முதல் பத்தாவது வரை உள்ள பிள்ளைகள் அதுவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் நடந்து அலுத்து நின்றுவிடுகிறார்கள். எங்கள் வேலையெல்லாம் அந்த ஐந்து வகுப்புகளுக்குத்தான்.

ஆரம்பத்தில் நாங்கள் கொடுத்த ஒரு சைக்கிளை, கொடுத்த ஒரே மாதத்தில், பழைய இரும்புக் கடை வாசலில் பார்த்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கு மூக்கையும் தாண்டியது. "இனிமே ஒவ்வொரு சைக்கிள்லயும் பேர் எழுதப்போறேன். யார் கொடுத்ததுன்னு கொட்டை எழுத்துல இருந்தா எவன் வாங்குறான், பார்த்துடலாம்" என்றேன். செயினை மூடியிருக்கும் தகடு எழுதுவதற்கு வாகான இடம். மஞ்சள் எனாமல் பெயின்ட், மெல்லிய பிரஷ். மேலே 'உபயம்' என்று போட்டு, கீழே கொடுத்தவர் பெயரை எழுதினேன். முத்து முத்தாக வந்தது.

என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கோயில் ட்யூப்லைட் மாதிரி இருக்கு. பேர் மட்டும் பளிச்சுன்னு தெரியும், வெளிச்சம்தான் வராது" என்றார்.

"உங்களுக்குப் பொறாமை. உங்க கையெழுத்து டாக்டர் சீட்டு மாதிரி இருக்கும்" என்று அவர் வாயை அடைத்தேன்.

கொடுத்தவர்களுக்கும் பரம சந்தோஷம். சிலர் ஷெட்டுக்கே வந்து சைக்கிளோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நான் செய்தது சரிதான் என்று எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

போன வருஷம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. சித்திரை வீதியில் தனியாக இருக்கும் ஒரு மாமா. எழுபத்தைந்து வயது இருக்கும். அவர் மனைவி அதற்கு முந்தைய வருஷம்தான் போய்ச் சேர்ந்திருந்தார். அந்த அம்மாள் கணக்கு டீச்சர். ஓய்வு பெறும் வரைக்கும், மடிசாரோ கொசுவப் புடவையோ, சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனாராம். நானும் கணவரும் போனபோது, மாமா அந்த சைக்கிளைத் துடைத்து, நடையில் நிறுத்தி, முன்னால் இருந்த கூடையில் ஒரு முழம் கதம்பம் வைத்திருந்தார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற தோரணை.

"ஒரே ஒரு பிரார்த்தனை. நீங்க பேர் எழுதறேள்னு கேள்விப்பட்டேன். அவ பேரை எழுதணும். நாலு பேர் கண்ணுல பட்டுண்டே இருக்கட்டும்" என்றார்.

"அழகா எழுதிடறேன் மாமா" என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தத் தகட்டில் நான் எழுதியதுபோல் வேறு எதிலும் எழுதியதில்லை. உபயம், அதன் கீழே 'அமரர்', அதன் கீழே அந்த அம்மாளின் முழுப் பெயர், ஓரத்தில் ஒரு சின்னத் தாமரை. மாமா போட்டோவைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படத்தைப் பத்துத் தடவை அனுப்பினார்.

அந்த சைக்கிள் ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் போனது. எங்கள் கே.கே. நகரைத் தாண்டி, பஸ் நுழையாத ஒரு குடியிருப்பில் வீடு. அப்பா இல்லை. அம்மா விடியற்காலையில் அபார்ட்மென்ட்களில் கூட்டிப் பெருக்கப் போய்விட்டு எட்டரை மணிக்குத்தான் திரும்புவாள். அதுவரை தம்பியைப் பார்த்துக்கொண்டு, பிறகு பொன்மலைப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பெண் ஐம்பது நிமிஷம் நடக்க வேண்டும். பள்ளி ஒன்பதே காலுக்கு. தினமும் லேட், தினமும் வாசலில் நிற்க வேண்டியது. "இந்த வருஷத்தோட நின்னுடறேன்" என்று அவள் சொல்ல ஆரம்பித்திருந்தாள். சைக்கிள் வந்த பிறகு ஒருநாள்கூட லேட் இல்லை என்று அவள் அம்மா எனக்குப் போன் செய்து சொன்னாள். நான் அதை உடனே ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

எனக்கு ஒரு வழக்கம். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பேன். இரும்புக் கடை கற்றுக்கொடுத்த பாடம். ஒருநாள் காலையில் ஸ்கூட்டியில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனால், அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு நடந்து போகிறாள். சைக்கிளைக் காணவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வண்டியை அவள் முன்னால் நிறுத்தி, "சைக்கிள் எங்க? வித்தாச்சா?" என்று கேட்டேன். ரோட்டில் போகிற பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் குரலைக் குறைத்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். இரண்டு தெரு தள்ளி ஒரு பூக்காரம்மா கடை. கடைக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடி, சைக்கிள் நின்றது. சாக்கை எடுத்தால், செயின் தகடு முழுக்க ஒரு பழைய துப்பட்டாவைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. என் எழுத்தில் ஒரு புள்ளிகூட வெளியே தெரியவில்லை.

"தினம் இங்கதான் விட்டுட்டுப் போகுது. நல்லாத்தான் பார்த்துக்குது, திட்டாதீங்கம்மா" என்றாள் பூக்காரம்மா.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல என்னை உபயம்னு கூப்பிடுறாங்க மேடம்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"உபயம் வருது, உபயம் போகுதுன்னு சொல்றாங்க. அட்டென்டன்ஸ்ல என் பேரைக் கூப்பிட்டாகூடப் பின்னாடியிலிருந்து ஒருத்தன் உபயம்னு கத்துறான். அமரர்னு வேற எழுதியிருக்குல்ல, செத்தவங்க சைக்கிள்னு யாரும் தொட மாட்டேங்கிறாங்க. ஸ்டாண்டுல அது மட்டும் தனியா நிக்கும்." அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். பிறகு பையிலிருந்து பூட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "எடுத்துக்கங்க மேடம். நான் நடந்தே போயிடறேன்."

அன்றைக்கு அவள் லேட். என்னால்.

நான் அந்தப் பூக்கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவள் நான். பிள்ளைகள் எதை வைத்து எப்படிப் பட்டப்பெயர் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? எனக்கே 'முத்திரை' என்று வைத்திருந்தார்கள், எதைக் கண்டாலும் சீல் குத்துகிறேன் என்று. அதைக் கேட்டு நான் ஒருவாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படிப்பட்டவள் ஒரு பெண் குழந்தையின் காலடியிலேயே அவள் பட்டப்பெயரை எழுதி, தாமரைப்பூ வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சைக்கிளை ஷெட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கணவரிடம் சொன்னேன். ட்யூப்லைட்டை ஞாபகப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. "அழிக்கிறது அஞ்சு நிமிஷ வேலை. மாமாகிட்ட யார் சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

"நான் எழுதினேன். நானே சொல்றேன்."

சொல்லாமலே அழித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் மாமா வாரம் ஒருமுறை போன் செய்து, "வண்டி சௌக்கியமா? பேரைப் பார்த்து யாராவது கேட்டாளா?" என்று விசாரிப்பவர். எத்தனை வாரம் பொய் சொல்ல முடியும்? அந்தப் பெண்ணோ நடக்க ஆரம்பித்து மூன்று நாள் ஆகியிருந்தது. நாலாவது நாள் பள்ளிக்கூடம் போகவே இல்லை என்று அவள் அம்மா போன் செய்தாள். அன்றைக்கே ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

மாமா காபி போட்டுக் கொண்டுவந்தார். அது ஆறிப்போகும் வரை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். செத்தவங்க சைக்கிள் என்று பிள்ளைகள் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டேன். மாமாவுக்குக் கண் கலங்கியது நன்றாகவே தெரிந்தது.

"அவ பேரைச் சொல்லி ஒரு குழந்தை தலையைக் குனிஞ்சுண்டு போறதா?" என்றார் கடைசியில். "அவ கிளாஸ்ல ஒரு குழந்தையைத் தலைகுனிய விடமாட்டாளே."

"மன்னிச்சிடுங்க மாமா."

"நீங்க என்ன பண்ணுவேள், நான்னா கேட்டேன். ஒண்ணு செய்யுங்கோ. நான் வர வரைக்கும் அழிக்க வேண்டாம்."

அடுத்த நாள் காலை ஆட்டோவில் தென்னூர் ஷெட்டுக்கு வந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். என் கணவர் தின்னரும் துணியும் கொடுத்தார். மாமா கீழேயிருந்து தொடங்கினார். முதலில் தாமரை போயிற்று. பிறகு பெயர், கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக. பெயரின் முதல் எழுத்து வந்தபோது கை நின்றது. என் கணவர் மெதுவாக, "தகட்டைக் கழட்டி உள்பக்கம் எழுதிடலாமா? யாருக்கும் தெரியாது" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு யோசனை வந்ததற்காகவே அன்று முழுக்க அவரைத் திட்டாமல் இருந்தேன்.

மாமா கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். செயின் எண்ணெய்க்குள்ள அவ எதுக்கு?" என்று சிரித்துவிட்டு, அந்த எழுத்தையும் துடைத்தார். மீதி 'அமரர்', 'உபயம்' இரண்டையும் நான் துடைத்தேன். அவை என் சொற்கள்.

சைக்கிளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் முதலில் தகட்டைத்தான் பார்த்தாள். வெறும் கறுப்பு. விரலால் ஒரு தடவு தடவினாள். "ரோட்டுல வெச்சு அப்படிக் கேட்டது தப்பும்மா. மன்னிச்சுக்கோ" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "பரவால்ல மேடம்" என்றாள். பெரிய மனுஷிதான். மறுநாளே பள்ளிக்கூடம் போனாள், சைக்கிளில், ஸ்டாண்டு வரைக்கும்.

மற்ற சைக்கிள்களைத் தேடிப் போய் தின்னரும் துணியுமாக நான் அலைந்தது தனிக் கதை. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு பையன் மட்டும், தான் ஏற்கெனவே பிளேடால் சுரண்டிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் காற்றடிக்கவும் எண்ணெய் போடவும் ஷெட்டுக்கு வருகிறார்கள். சைக்கிள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

இரண்டு மாதம் கழித்து மாமா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தூரத்திலேர்ந்து ஒரு தடவை வண்டியைப் பார்க்கலாமா? குழந்தைகிட்ட நான் யாருன்னு சொல்ல வேண்டாம்." சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்கு அழைத்துப்போனேன். மணி அடித்தது. சைக்கிள்கள் ஒரேயடியாக வெளியே வந்தன. அரசாங்க சைக்கிள், சொந்த சைக்கிள், எங்கள் சைக்கிள், எல்லாம் கலந்து. எது எங்களுடையது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தேடினார். அவருக்கும் தெரியவில்லை. பார்க்கிற ஆவலில் இரண்டு பேரும் நடு ரோட்டுக்கே வந்துவிட்டோம்.

பின்னாலிருந்து பெல் அடித்தது. "ஓரமா நில்லுங்க, ஓரமா நில்லுங்க" என்று ஒரு குரல். திரும்பினால் அவள்தான். பின்னால் கேரியரில் ஒரு தோழி, பக்கத்துச் சைக்கிள்களில் இன்னும் இரண்டு பேர். எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் மாறியது. பிறகு யாரோ ஒரு ஆன்ட்டியைப் பார்ப்பதுபோலப் பார்வையைத் திருப்பிக்கொண்டு, இன்னொரு தடவை பெல் அடித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல மாட்டேன். கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தேன். மாமா என் புடவைத் தலைப்பைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"எங்க தெரு முனையில அவ அடிக்கற பெல்தான்" என்றார். "வழி விடுங்கோ."

நாங்கள் ஒதுங்கி நின்றோம். அவள் போனாள்.