மாப்பிள்ளை சுற்றிய காயில்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர், மஞ்சள் பையிலிருந்து அந்தப் பொருளை எடுத்து, தன் மகள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் மேல் வைத்தார். தோசைக்கல் அளவுக்கு வட்டமாக இருந்தது. செம்புக் கம்பியைச் சுற்றி, வெள்ளை நாடாவால் இறுக்கிக் கட்டி, வார்னிஷில் முக்கிக் காயவைத்திருந்தார். அதிலிருந்து நீண்ட வயரில் ஒரு சுவிட்ச், முனையில் ஒரு பிளக். அறையின் டெட்டால் வாடையை வார்னிஷ் வாடை அமுக்கிவிட்டது. கையிலிருந்த அரிசிம்பருப்புச் சாதத் தூக்கைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

"பிளக் பாயிண்ட்டு எங்கீங்க மச்சான் இருக்குது?" என்று கேட்டார்.

சூலூரில் அவருக்கு, எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை. மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் இரண்டாம் வருடம். சில மாதங்களாகச் சாப்பாடு குறைந்து, பேச்சு நின்று, குளிக்கவும் எழுந்திருக்காமல் கிடந்தாள். வாழவே பிடிக்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை அதை நம்பவில்லை. பரீட்சைப் பயம் என்றார், ஹாஸ்டல் சாப்பாடு என்றார். மாத்திரைகளை மாற்றிப் பார்த்தும் தேறவில்லை. கடைசியில், மயக்க மருந்து கொடுத்து மூளைக்கு லேசாக மின்சாரம் வைப்பதுதான் வழி என்று டாக்டரம்மா சொன்னபோது மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கரண்டு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியுமுங்க. வெரல்ல பட்டாலே ஆளத் தூக்கி வீசிப்போடும். எம்புள்ள தலையில வெக்கச் சொல்றீங்களா?"

அவரைச் சமாதானப்படுத்தத்தான் அந்த அம்மா பேச்சோடு பேச்சாக, வெளிநாட்டில் இப்போது காந்தத்தைத் தலைக்கு வெளியே வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள், மயக்க மருந்துகூடத் தேவையில்லை என்றார். இங்கே இன்னும் வரவில்லை, எவ்வளவு குணமாகும் என்பதும் இனிமேல்தான் தெரியும் என்றும் சொன்னார். மாப்பிள்ளையின் காதில் முதல் பாதிதான் ஏறியது.

"காந்தம்னா காயில்தானுங்களே?"

தன் பேச்சு ஒருவருக்கு உடனே விளங்கிய சந்தோஷத்தில் அந்த அம்மா ஒரு காகிதத்தில் தலையை வரைந்து, பக்கத்தில் ஒரு வட்டமும் போட்டுக் காட்டினார். மாப்பிள்ளை அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வட்டம்தான் இப்போது கட்டிலின் மேல் கிடந்தது. தங்கை வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள். பெண் வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"மாப்ள, இது மனுசத் தலைங்க. மோட்டாரில்ல."

"நீங்க மில் ஆபீஸ்ல பேனாவப் புடிக்கிறவரு. செத்த மோட்டாரையெல்லாம் எந்திரிச்சு ஓட வெச்சவன் நானு."

"டாக்டரம்மாவக் கேட்டீங்களா?"

"அவங்கதான படம் போட்டுக் குடுத்தாங்க!" என்று சிரித்தார். "சும்மா கொண்டாருவனுங்களா மச்சான்? எந்தலைல வெச்சுப் பாத்துப்போட்டுத்தான் கொண்டாந்தேன்."

தலையைத் திருப்பிக் காட்டினார். இடது காதுக்கு மேலே முடி கருகி, தோல் சிவந்து கொப்பளித்திருந்தது.

"கொஞ்சம் சூடாயிருச்சு. அதுக்குத்தான் இன்னொரு சுத்து நாடா போட்டிருக்கறேன்."

தூக்கை வைத்துவிட்டு, அவர் கையிலிருந்த பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினேன். அப்போது கட்டிலில் அசைவு தெரிந்தது. பெண் எங்கள் பக்கம் திரும்பியிருந்தாள்.

"வெய்ங்கப்பா."

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? புள்ளையே சொல்லுது. பயமில்லையா கண்ணு?"

"இல்லீங்கப்பா. தப்பாப் போனாலும் செரி. செத்தாலும் எனக்குச் சம்மதந்தானுங்க."

குழம்புக்கு உப்புப் போதும் என்று சொல்வதுபோல் சொன்னாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. சொல்லிவிட்டு, தலையை வாகாகத் தலையணை ஓரத்துக்கு நகர்த்திக் கொடுத்தாள்.

அந்த அசைவை என்னால் இன்றும் தாங்க முடிவதில்லை. மாப்பிள்ளை பிளக்கைப் பிடித்தபடி நின்றார். நாங்கள் எல்லோரும் எத்தனையோ தடவை சொல்லியும் நம்பாத ஒன்றை அவருடைய பெண் அவருடைய காயிலை வைத்தே சொல்லிவிட்டாள். பிறகு வயரை மடித்து, காயிலின் மேல் சுற்றி, பையில் போட்டார். கைகள் வேலையைப் பழக்கத்தில் செய்தன. கண்கள் அதில் இல்லை.

"மச்சான், புள்ளகிட்டயே இருங்க. எங்கீம் போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மாவைத் தேடி ஓடினார். அன்று மாலையே மின்சாரம் வைக்கச் சம்மதம் எழுதிக் கொடுத்தார். "புள்ளைக்கு வலிக்காதுங்களே?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். வோல்ட் எவ்வளவு என்று கேட்கவில்லை.

தினமும் டைரி எழுதுகிறவன் நான். அன்று "மதியம் ஆஸ்பத்திரி" என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

பெண் தேறினாள். உடனே அல்ல, மெதுவாக. ஒருநாள் தானாக எழுந்து தலை வாரிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பல அவளுக்கு நினைவில்லை. சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

அடுத்த பொங்கலுக்குப் பட்டறையைச் சுத்தம் செய்தபோது நானும் அங்கே இருந்தேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து அவள் அந்தக் காயிலை எடுத்து, தூசியைத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்த மோட்டாருக்குங்கப்பா?"

நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை.

"அளவு தப்பிப்போச்சு, அம்மணி. இங்க குடு" என்று சொல்லி அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.