மூன்று முறை அளந்தவர்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்டேஷனில் கொண்டுவிடுவதாகச் சொன்ன சித்தப்பா, தான் வேலை பார்க்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் வாசலிலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். அங்கே வேன் மேல் நின்று வேட்பாளர் பேசிக்கொண்டிருந்தார். பெட்ரோல் விலை பாதியாகும், காற்றாலைகள் வரும், எண்ணெய் இறக்குமதி குறையும், இந்த ஆலை மட்டும் மூடப்படாது.

"ரயில் போயிடும் சித்தப்பா."

"இரும்மா, ஒரே ஒரு கேள்வி."

கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். நான் டாக்ஸி பிடித்தேன். திரும்பிப் பார்த்தபோது, தூக்கிய அவர் கை மட்டும் தெரிந்தது.

ஆலையில் அவருக்கு 'அளவுக்காரர்' என்று பெயர். இருபத்தாறு வருடமாக எண்ணெய்த் தொட்டிகளின் மேல் ஏறி, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் நாடாவை உள்ளே இறக்கி, எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. மூன்று முறை இறக்குவார். மூன்றும் ஒத்துப்போனால்தான் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்குமேல் மேலாளர்கூட வாய் திறக்கமாட்டார்.

வேட்பாளரையும் அப்படியே அளந்தார். ஆலை வாசலில், சந்தையில், கட்சி அலுவலகத்தில். "ஆலையை மூடுவீங்களா?" "மூடமாட்டோம்." மூன்று இடத்திலும் பதில் மாறவில்லை.

சித்தி போனில் சிரித்தாள். "காத்தாலையும் வருமாம், எண்ணெயும் குறையுமாம், ஆலையும் ஓடுமாம். அந்தாளு என்ன மந்திரவாதியா? உங்க சித்தப்பா அவர் வாய்க்குள்ள நாடா விட்டுப் பாத்துட்டு வந்திருக்காரு!"

"மூணும் ஒண்ணா வந்துச்சுடி," என்று பின்னாலிருந்து அவர் குரல்.

ஆலையில் முந்நூறு பேர். "அளவுக்காரரே, இந்த ஆளுக்குப் போடலாமா?" என்று இவரைத்தான் கேட்டார்கள். "போடுங்க. நான் பொறுப்பு."

வேட்பாளர் ஜெயித்து அமைச்சரானார். பதவியேற்ற எட்டாம் மாதம் ஆலையை மூடும் ஆணை வந்தது. அன்று சித்தப்பா என்னைப் போனில் கூப்பிட்டார். தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும். நாடா அதையும் எண்ணெயாகவே காட்டும். குண்டில் ஒரு பசை தடவினால்தான் தண்ணீர் பட்டு நிறம் மாறும். "அந்த ஆளைப் பசை தடவாம அளந்துட்டேன்மா," என்றார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. டீக்கடைக்குள் இவர் நுழைந்தால் பேச்சு மழை வெயிலுக்குத் தாவிவிடும்.

"நீ படிச்ச பிள்ளை," என்றார் சித்தப்பா ஒருநாள். "அந்த அமைச்சருக்கு ஒழுங்கா எழுதிக் கேளு. ஆலை மூடுறது நிசமான்னு."

ஆறு கட்டில் போட்ட ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து எழுதினேன். அமைச்சரின் இணையதளத்தில் என் போன் நம்பரைக் கொடுத்து அனுப்பினேன். வாரத்துக்கொரு முறை, "பதில் வந்துச்சா?" என்று கேட்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பினேன். சித்தப்பா ஜன்னலோரம் நாற்காலி போட்டிருந்தார். தூரத்தில், தொட்டிகளைத் தீப்பொறி பறக்க வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது ஏழாம் நம்பர்," என்றார். "அதுல ஏணி கொஞ்சம் ஆடும்."

அப்போதுதான் என் போனில் அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. படித்தேன்: "எரிசக்திக் கொள்கை பற்றிய தங்கள் கேள்விக்கு நன்றி. ஆலை மூடப்படாது என உறுதியளிக்கிறோம்."

"இன்னொரு தடவை படிம்மா."

படித்தேன்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறையும் அதேதான் இருந்தது.