லண்டன் பஸ்ஸில் ஒரு புட்டுப் பார்சல்

லண்டனுக்குப் போன முதல் கிழமை என் கண் தேடியது அரண்மனையையோ மணிக்கூட்டுக் கோபுரத்தையோ அல்ல, பஸ் கொண்டக்டரை. அவ்வளவு பெரிய தலைநகரம், இரண்டு தட்டு வைத்த சிவப்பு பஸ், ஏறினால் கண்ணாடிக்குப் பின்னால் சாரதி மட்டும். ஒரு பெண்குரல் அடுத்த தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லும். ஆளைத் தேடினால் ஆளில்லை, மெசின். சனம் காதில் எதையோ செருகிக்கொண்டு, வாயைத் தைத்துவிட்டது மாதிரி இருக்கும். இலங்கையில் எங்கள் வன்னிப் பக்கத்தில் உடையார்கட்டில் ஏறிப் புதுக்குடியிருப்பில் இறங்குவதற்குள் பக்கத்து சீற்றுக்காரரின் சீனி வருத்தம்வரை தெரிந்துவிடும். இங்கே மேல்தட்டில் முன் சீற்றில் இருந்து மூன்று நாள் ஊர் பார்த்தேன், எங்கே போகிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை. நான் முன்பள்ளி ஆசிரியை. நாள் முழுக்கக் கதைத்துப் பழகிய வாய்க்கு அது பெரிய தண்டனை.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, ஊர் எனக்குப் பிடித்துக்கொண்டது. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வெளியே வெளிச்சம். பட்டப்பகலில் குப்பைத் தொட்டியடியில் ஒரு நரி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனது. எங்கள் காட்டு நரிக்கு இவ்வளவு கொழுப்புக் கிடையாது. ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் எந்தப் பக்கமும் ஊர் முடியவில்லை. வன்னியில் எந்த ஊரும் கொஞ்ச நேரத்தில் முடிந்து வயலோ காடோ வந்துவிடும்.

அந்தப் பெருப்பம்தான் என்னைக் குத்தியது. நான்கு வருஷத்துக்கு முன் அம்மா செத்தபோது, லண்டனில் இருந்த என் தங்கச்சியால் வர முடியவில்லை. அவளுடைய விசா வழக்கு முடியாத நேரம். வந்தால் திரும்பிப் போக ஏலாது. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே செத்தவீட்டன்று போனில், "அம்மாவை விட அந்த ஊர் பெரிசோ உனக்கு?" என்று கேட்டேன். அதோடு எங்கள் கதை நின்றது. போன வருஷம் விசா கிடைத்ததும் அவள்தான் முதலில் போன் எடுத்தாள், ரிக்கற்றும் அனுப்பினாள். ஒரு மாத லீவில் நான் போனது ஊர் பார்க்க அல்ல, அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க.

எடுக்க விட்டால்தானே. "அக்கா, ரீ போடட்டோ?" "அக்கா, குளிருதோ, இன்னொரு போர்வை தரட்டோ?" விருந்தாளிக்குச் செய்கிற உபசாரம் முழுக்கச் செய்தாள். சின்ன வயதில் ஒரு சீப்புக்காக என் தலைமயிரைப் பிடித்து இழுத்தவள் இவள். அந்த மரியாதையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் பேச்சை எடுத்தால், "வேலைக்கு நேரமாகுது அக்கா" என்று எழும்பிவிடுவாள். ஒரு கிழமை இப்படியே போனது.

எட்டாம் நாள் விடிய எழும்பி அவளுக்குப் புட்டு அவித்து, முருங்கைக்காய்க் கறி வைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன கருவாட்டைப் பொரித்துக் கட்டினேன். அவள் அதை மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். மறந்தாளா, வேண்டாமென்று விட்டாளா தெரியவில்லை. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் வாசலில்தான் பஸ் தரிப்பு. வீட்டடியிலிருந்து நேர் பஸ். எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் ஒரு விஷயமா? வாசல் படலையில் நின்று பஸ்ஸை மறித்து, பார்சலைக் கொடுத்து, யார் எங்கே நிற்பார் என்று சொன்னால் மிச்சம் கொண்டக்டர் பாடு. மருந்து, புத்தகம், கோழிக்குஞ்சு எல்லாம் அப்படித்தான் போகும். தங்கச்சி கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டில் நின்று படித்த காலத்தில், அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்குப் பஸ்ஸில் சாப்பாடு கொடுத்துவிடுவா.

மத்தியானம் கிட்டும்போது வீட்டடியில் வந்த பஸ்ஸில் ஏறினேன். சாரதி ஒரு பெரிய பெண், பின்னலில் கலர் மணிகள். பார்சலை நீட்டி, "மை சிஸ்டர், லஞ்ச், யூ கிவ்" என்று தரிப்பிடத்தின் பெயரைச் சொன்னேன். அவள் "நோ, நோ" என்றாள். பின்னால் வரிசை நீண்டது. நான் இறங்கவில்லை. அவள் பார்சலைச் சந்தேகமாகப் பார்த்து, அவிழ்க்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவிழ்த்தேன். கருவாட்டு மணம் கடைசி சீற்றுவரை போனது. யாரோ சிரித்தார்கள், யாரோ இருமினார்கள், ஒரு கிழமையாகப் பேசாத பஸ் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கியது. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், காற்சட்டை முழுக்கப் பெயின்ற், காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டு, தானும் அங்கேதான் இறங்குவதாகச் சைகை காட்டிப் பார்சலை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து தங்கச்சிக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"என்னது, பஸ்ஸிலயோ? அக்கா, உனக்கென்ன விசரோ? இது என்ன எங்கட ஊரோ? குண்டெண்டு நினைச்சுப் பொலிசைக் கூப்பிட்டிருந்தா? ஆரிட்டக் குடுத்தனி? பேராவது கேட்டனியோ?"

"கேக்கேல்ல. காற்சட்டையில பெயின்ற் இருந்தது."

"பெயின்ற்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

எட்டு நாளுக்குப் பிறகு ஏச்சு விழுந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல். அந்த ஆறுதல் அரைமணித்தியாலமும் நிற்கவில்லை. அந்த மனுசன் மணம் தாங்காமல் எறிந்திருந்தால்? பொலிஸ் வந்து அவளுடைய வேலைக்கு ஏதாவது ஆனால்? குசினி அடுப்புக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன்.

போன் வந்தது. காற்றுச் சத்தம், வாய்க்குள் சாப்பாடு.

"வந்தது. ஓடிவந்து அந்த ஆளிட்ட வாங்கி, தரிப்பிலயே இருந்து சாப்பிடுறன்." அழுகிறாள் என்று தெரிந்தது. "அக்கா, அம்மா போனாப் பிறகு எனக்கு ஆரும் பஸ்ஸில ஒண்டும் குடுத்துவிடேல்ல."

நானும் அழுதேன். "அண்டைக்கு உன்னட்டக் கேட்டனே, நீ வர ஏலாதெண்டு தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான். பிழை என்ர."

"ஊர் பெரிசில்லை அக்கா," என்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "கருவாட்டில உப்புக் கூடிப்போச்சு," என்றாள்.

அடுத்த நாள் காலை சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மேசையில் இருந்த பார்சலை நன்றாக ஒரு தரம் பார்த்தாள். எடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குச் சற்று முன் நான் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன், இந்தமுறை நானே கொண்டக்டர். மணி கோத்த பின்னல்காரி என்னைக் கண்டு தலையில் கை வைத்தாள். முதியோர் இல்லத்தடியில் பஸ் நிற்கும்போது, தங்கச்சி அங்கே ஏற்கெனவே வந்து நின்று, பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.