கண்ணாடியை ஏற்றினால் எரியும் விளக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடந்தது. பட்டப்பகலில், கிள்ளானிலிருந்து தலைநகருக்குப் போகிற ஃபெடரல் ஹைவேயில், முன்னாலும் பின்னாலும் நூற்றுக்கணக்கான கார்கள் நின்றுகொண்டிருந்தபோது நடந்தது. பேய் என்றால் நடுச்சாமத்தில், ஆளரவம் இல்லாத இடத்தில்தான் வர வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இந்தப் பேய்க்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அது வெளிநாட்டுச் சரக்கு.

விமலன் கிள்ளானில், மேரு சாலைப் பக்கம் கார் பட்டறை வைத்திருப்பவர். நல்ல மெக்கானிக். ஒரே குறை, சின்ன வயதிலிருந்தே இழுப்பு. சட்டைப் பையில் இன்ஹேலர் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். யாருடைய காராக இருந்தாலும் ஏறி உட்கார்ந்ததும் ஏர்கோனை அடைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிவிடுவார். மூடிய காரில் தமக்கு மூச்சு முட்டும் என்பார். மழையில் நனைந்துகொண்டு கார் ஓட்டிப் போகிற ஆளை நீங்கள் கிள்ளானில் பார்த்திருந்தால், அது அவர்தான்.

டாக்டர் ரஞ்சன் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் பல் டாக்டர். அவரிடம் முப்பது வயதான ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. இரண்டே கதவு, பூனை பதுங்குவது போன்ற உடம்பு. போன வருடம் அதன் எஞ்சின் உயிரை விட்டது. பழைய காருக்குப் புது எஞ்சின் எங்கே கிடைக்கும்? ஆப்-கட்தான். ஜப்பானில் கழித்துப் போட்ட காரை நடுவில் அறுத்து, முன்பாதியை மட்டும் கண்டெய்னரில் அடைத்து இங்கே அனுப்புவார்கள். அதைத்தான் ஆப்-கட் என்கிறோம். எஞ்சின், கம்ப்யூட்டர், ஒயர், டேஷ்போர்டு எல்லாம் ஒன்றாக வரும். கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான காப்பாரில் ஆப்-கட் யார்டு வைத்திருக்கும் லோகனிடம் விமலன் ஒன்றைப் பிடித்தார். அதிலிருந்த ஓட்டுநர் சீட், சிவப்பு நூல் தைத்த ஸ்போர்ட்ஸ் சீட், டாக்டருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதையும் கழற்றிக் காரில் மாட்டச் சொன்னார்.

அந்த ஆப்-கட்டில் ஸ்டீரிங் மட்டும் இல்லை.

"என்னா லோகன், எல்லாம் இருக்கு, ஸ்டீரிங்க காணோம்?"

"ஜப்பான்காரன் கழட்டிக்கிட்டான் போல லா. வேற ஒண்ணு தரேண்ணே. சும்மா எடுத்துக்குங்க."

லோகன் எதையும் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. விமலன் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எஞ்சின் மாற்றிய மறுவாரமே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. விமலன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். ஆக்சிஜன் சென்சார். புகைக்குழாயில் விரல் பருமனுக்கு ஒரு சாமான் இருக்கும். வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மோந்து பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அது சொன்னது இதுதான்: ஆக்சிஜன் போதவில்லை.

புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். விளக்கு அணைந்தது. டாக்டர் கொண்டுபோனார். திரும்பி வந்தார். விமலன் ஒயரை மாற்றினார். டாக்டர் கொண்டுபோனார். திரும்பி வந்தார். குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று புகை விட்டுப் பார்த்தார். பெட்ரோல் அதிகம் பாய்கிறதா என்று அளந்தார். இன்னொரு சென்சாரும் மாற்றியாயிற்று. பட்டறையில் கார் தங்கமாக நடந்துகொண்டது. விமலன் ஓட்டினாலும் ஒன்றும் இல்லை.

"என்ன விமலன், திரும்பவும் லைட் வந்திட்டுது."

"என் கையில வரமாட்டேங்குதே டாக்டர்."

"அப்ப என்ர மூஞ்சிதான் காருக்குப் பிடிக்கேல்லையோ?"

"நீங்க எப்படி ஓட்டுவீங்க?"

"எல்லாரும் ஓட்டுற மாதிரித்தான். கண்ணாடிய ஏத்திப்போட்டு, ஏர்கோன் போட்டு."

விமலனுக்கு அங்கேதான் உறைத்தது. அவர் ஓட்டும்போது கண்ணாடி இறங்கியிருக்கும். டாக்டர் ஓட்டும்போது ஏறியிருக்கும். இரண்டு பேருக்கும் வேறு வித்தியாசம் இல்லை. ஆனால் சென்சார் இருப்பது காருக்கு அடியில், புகைக்குழாயில். கண்ணாடி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, அதற்கு எப்படித் தெரியும்?

தெரிய வழியே இல்லை. இருந்தாலும் கோளாறைப் பிடிக்க வேண்டுமென்றால் வாடிக்கையாளர் ஓட்டுவது போலவே ஓட்டிப் பார்க்க வேண்டும். அது பட்டறைத் தொழிலின் முதல் பாடம். அடுத்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், காரை பிரிக்பீல்ட்ஸில் தானே கொண்டுபோய் விடுவதாக விமலன் சொன்னார். டாக்டரின் கிளினிக்குக்குப் போகிறோமே என்று கிரீஸ் சட்டையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு நல்ல சட்டை போட்டுக்கொண்டார்.

இன்ஹேலர் கிரீஸ் சட்டையில் இருந்தது.

கிள்ளானைத் தாண்டியதும் மழை பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றினார். ஏர்கோனைப் போட்டார். ஸ்கேனர் பக்கத்து சீட்டில் கிடந்தது. அதன் திரையில் சென்சாரின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நல்ல சென்சாரின் கோடு சும்மா இருக்காது. ஆக்சிஜன் குறைந்தால் மேலே, கூடினால் கீழே என்று படபடவென்று துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளியது. ஷா ஆலம் வரைக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பத்து தீகா என்கிற ஊர்ப் பக்கம் ஜேம். மூன்று வரிசையும் அப்படியே நின்றுவிட்டன. மழை கூரையில் கொட்டியது.

அப்போதுதான் கோடு நிதானமானதைப் பார்த்தார்.

மேலே போனது... நின்றது... கீழே வந்தது. மறுபடி மேலே... நின்றது... கீழே.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

கோளாறு பிடிபட்ட சந்தோஷத்தில் விமலன் சிரிக்கக்கூடச் செய்தார். ஆனால் அந்தக் கோட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே? ஆஸ்பத்திரியில். இழுப்பு முற்றிப் படுத்திருந்தபோது, தலைமாட்டுத் திரையில்.

அது மூச்சு.

தம்முடைய மூச்சைப் பிடித்துப் பார்த்தார். கோடு நிற்கவில்லை. மேலே... கீழே...

அவருடைய மூச்சு இல்லை.

முதுகில் ஏதோ அழுத்தியது. சீட்டின் சாய்மானம் மெல்ல முன்னால் தள்ளியது. பிறகு தளர்ந்தது. மறுபடி தள்ளியது. திரையைப் பார்த்தார். கோடு ஏறும்போது தள்ளியது. இறங்கும்போது தளர்ந்தது.

கண்ணாடியை இறக்கும் பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமியது. கண்ணாடி இறங்கவில்லை. கதவின் கைப்பிடியை இழுத்தார். கைப்பிடி வந்தது. கதவு வரவில்லை. பெல்ட்டைக் கழற்றப் பார்த்தார். அதுவும் விடவில்லை.

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் நின்றால் சென்சாருக்கும் வேலை இல்லை.

கோடு ஓடியது.

ஸ்கேனரின் கேபிளைப் பிடுங்கினார்.

கோடு ஓடியது.

டொங்...

எங்கிருந்தோ தட்டும் சத்தம். இருபது வருடமாகத் தகரம் தட்டுகிற காது அவருடையது. கார்த் தகரம் இப்படி ஒலிக்காது. இது கனத்த இரும்பு. பெரிய இரும்பு.

டொங்... டொங்...

நெஞ்சு இறுகியது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

பக்கத்தில் ஒரு லோரி நின்றது. கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தார். கத்தினார். லோரிக்காரர் குனிந்து பார்த்தார். சிரித்தார். தாளத்துக்குத் தலையை ஆட்டினார். உள்ளே பாட்டுப் போட்டுக் கும்மாளம் என்று நினைத்துவிட்டார்.

சுற்றிலும் ஆட்கள். கைக்கெட்டும் தூரத்தில். ஒருவருக்கும் கேட்கவில்லை.

டொங்... டொங்... டொங்...

கண்ணாடியில் ஆவி படிந்தது. ஒரு ஆள் விடுகிற மூச்சுக்கு அவ்வளவு படியாது.

கோடு வேகமாக ஏறியது. கொஞ்சமாக இறங்கியது. ஏறியது. இன்னும் கொஞ்சமாக...

தட்டுவது நின்றது.

கோடு உச்சியில் போய் நேராக நின்றது.

ஆக்சிஜன் இல்லை.

சீட் முதுகை அழுத்தியது. இந்த முறை தளரவில்லை.

விமலனுக்கு மூச்சு...

வரவில்லை...

சடார்.

கண்ணாடி நொறுங்கி மடியில் கொட்டியது. மழை முகத்தில் அடித்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி மோட்டார் சைக்கிள் பையன் ஒருவன் நின்றான். சாப்பாடு டெலிவரி செய்கிறவன், பேர் யுகேந்திரன். உள்ளே கைவிட்டுக் கதவைத் திறந்தான். சாதாரணமாகத் திறந்தது. பெல்ட்டும் கழன்றது. விமலனை இழுத்துச் சாலையோரம் உட்கார வைத்தான்.

"மெதுவாண்ணே. மூச்சு விடுங்க. அவசரமில்ல, ஜேம் இப்போதைக்கு விடாது."

கால்மணி நேரம் போனபிறகுதான் விமலனுக்குப் பேச்சு வந்தது. அதற்குள் யுகேந்திரன் காரை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டான். பின்சீட்டைப் பார்த்தான். குனிந்து அடியில்கூடப் பார்த்தான்.

"என்ன தம்பி தேடுற?"

"இன்னொருத்தரு எங்கண்ணே?"

"நான் ஒரு ஆள்தான்."

யுகேந்திரன் மறுபடி ஒருமுறை காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"உங்க ரெண்டு கையும் கண்ணாடியத் தட்டிச்சு. நான் பாத்தேன்."

"ஆமா."

"அப்ப ஸ்டீரிங்க புடிச்சிருந்த கை யாரோடது?"

கண்ணாடி இல்லாத காரை விமலன் பட்டறைக்கே திருப்பிக் கொண்டுவந்தார். விளக்கு அணைந்திருந்தது. அவர் முதலில் செய்த வேலை, அந்தச் சிவப்பு நூல் சீட்டைக் கழற்றியதுதான். டாக்டருடைய பழைய சீட்டையே மாட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு டாக்டர் கண்ணாடியை ஏற்றியே ஓட்டுகிறார். இன்று வரைக்கும் விளக்கு எரியவில்லை. சென்சார், ஒயர், எஞ்சின், கம்ப்யூட்டர் எல்லாம் அதேதான்.

மறுநாள் சீட்டை வேனில் ஏற்றிக்கொண்டு காப்பாருக்குப் போனார். லோகன் அவரைப் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்தான்.

"எஞ்சின்ல ஒண்ணும் இல்லியேண்ணே?"

"எஞ்சின்ல இல்ல. சொல்லு."

லோகன் சிகரெட்டைப் பற்றவைத்தான். அணைத்தான்.

"ஜப்பான்ல ஏத்துற அன்னிக்கு மழையாம். ஏத்துற ஆளு ஒருத்தன் கண்டெய்னருக்குள்ள ஒதுங்கி, அந்த சீட்ல உக்காந்திருக்கான். தூங்கிட்டான். யாரும் பாக்கல. பூட்டி சீல் வச்சிட்டாங்க."

"அப்புறம்?"

"கப்பல் வந்ததும் இங்க போர்ட்ல தொறந்தோம். கதவு உள்பக்கமெல்லாம் அடிச்ச அடையாளம். ஆனா ஆளு கதவுகிட்ட இல்லண்ணே. திரும்பி வந்து சீட்ல உக்காந்திருந்தான். வண்டி ஓட்டுற மாதிரி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வாங்குவீங்களா?"

விமலன் சீட்டை வேனிலிருந்து இறக்கி வைத்தார். கேட்காமலேயே லோகன் சொன்னான்.

"விரல பிரிக்க முடியலண்ணே. ஸ்டீரிங்க அறுத்துக் கையோடதான் கொண்டு போனாங்க."