சலவைக் கடைக் கதவில் புருஷன் படம்

அந்தச் சலவைக் கடையில் துணி வாங்கி வைப்பவளைத் தெருவே கறையக்கா என்றுதான் கூப்பிடும். துணி மேஜைக்கு வந்ததும் பைகளைத் துழாவி, பொத்தான்களைச் சரிபார்த்து, வெளிச்சத்தில் விரித்து, கறை எங்கே, என்ன வடிவம் என்று ரசீதின் பின்பக்கம் பென்சிலால் வரைந்துவிடுவாள். "இந்தக் கறை உங்க கடையில பட்டது" என்று பிறகு சண்டைக்கு வருபவர்கள், படத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர், பள்ளி ஓவிய ஆசிரியர், ரசீதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை நல்லா ஓடுதேம்மா, படம் வரையக் கூடாதா?" என்றார். அவர் போகிற போக்கில் சொன்னது அக்காவுக்குத் தலைக்கேறிவிட்டது. மாலையே தாளும் பென்சில்களும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சட்டை, திரைச்சீலை, நாற்காலி எல்லாம் சொன்னபடி கேட்டன. முகம்தான் மக்கர் செய்தது. மகள் ஒரு நிமிடம் உட்காரமாட்டாள். அசையாமல் கிடைத்த ஒரே முகம் கணவருடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து நாற்காலியில் சாய்ந்தால் கூரை இடிந்து விழுந்தாலும் தெரியாது. ஒரு வருஷம் அவரையே வரைந்து வரைந்து கை அந்த முகத்துக்குப் பழகிப்போயிற்று. அப்புறம் யாரை வரைந்தாலும் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். மகளை வரைந்தால் ஜடை போட்ட புருஷன். முதலாளியை வரைந்தால் வழுக்கை விழுந்த புருஷன். மாமியார் மட்டும் தன் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். "பெத்தவளாச்சே, சாடை இருக்காதா!"

ஒரு மழைநாள் கடையில் கூட்டம் நெரிந்தபோது, ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். வக்கீல் வந்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"எடுத்துட்டுப் போன ஆள் ஞாபகம் இருக்கா?" என்று முதலாளி கேட்டார்.

"கோட்டுப் பக்கத்துல நின்னவருதான். கண்ணுலயே நிக்கிறாருங்க."

"அப்ப வரை. அதுக்குத்தானே பென்சிலும் கையுமா அலையுற?"

மதியம் முழுக்க வரைந்தாள். முடித்ததும் அவளுக்கே பகீரென்றது. புருவத்தை ஏற்றினாள், மீசையைக் குறைத்தாள். திருத்தத் திருத்தப் புருஷன் இன்னும் பளிச்சென்று வந்தார். முதலாளி அவள் புருஷனைப் பார்த்ததே இல்லை. தாளைப் பிடுங்கி, "இவரைக் கண்டால் சொல்லவும்" என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார்.

மனைவி மழையில் நனைவாளே என்று அன்று சாயங்காலம் குடையோடு வந்தார் கணவர். பக்கத்துக் கடையில் மாற்றுச் சாவி செய்யும் சாவிக்காரர் பாய்ந்து அவர் கையை முறுக்கிப் பிடித்தார்.

"ஆள் மாட்டிக்கிட்டான், ஓடியாங்க!"

அக்கா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "விடுங்கண்ணே! அவரு என் வீட்டுக்காரரு!"

"படத்துல இருக்கிறது இவருதானேம்மா?"

"இவருதான். ஆனா இவரு இல்ல."

சாவிக்காரர் குழம்பி, பிடியை மட்டும் லேசாகத் தளர்த்தினார். கணவர் கதவைப் பார்த்தார். "ஏண்டி, வீட்டுல வரைஞ்சு தள்ளுனது பத்தாதா? வக்கீல் கோட்டை வச்சுக்கிட்டு நான் என்ன, லிஃப்டுக்குள்ள போய் வாதாடவா?"

அந்த நேரம் பார்த்து ஒல்லியான ஒருவர் கோட்டோடு வந்து நின்றார். "கூட்டத்துல என் துணியோட இதுவும் சேர்ந்து வந்துருச்சுங்க." பிறகு கதவைப் பார்த்தார். "இது யாருங்க?"

"நீங்கதான்," என்றாள் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனா சட்டை என்னோடதுதான்! ரெண்டாவது பொத்தான் மட்டும் வேற, பையில மை ஒழுகினது... அட, அச்சு அசல்!"

வக்கீலுக்குக் கோட்டு கிடைத்தது. கணவருக்கு மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். அன்றிலிருந்து அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். வரைய ஆளில்லாமல் அக்கா தவித்தாள். மனசு உறுத்திய சாவிக்காரர், "என்னை வரைங்கம்மா," என்று தானே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முதல் தாளில் புருஷன் வந்தார். இரண்டாவதில் புருஷனின் தம்பி மாதிரி ஒருவர். மூன்றாவதில் அவள் மூக்கு, கண் என்று நினைப்பதை விட்டாள். மேஜைமேல் விரித்த துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கன்னத்தில் எங்கே மடிப்பு, தாடைக்குக் கீழே நிழல் என்ன வடிவத்துக் கறை என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். மெல்ல மெல்ல ஒரு புது மனிதர் தாளில் எழுந்து வந்தார்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுபோன சாவிக்காரர் மறுநாள் தொங்கிய முகத்தோடு வந்தார். "என் பொண்டாட்டி பார்த்துட்டு, 'உங்கப்பா படம் ஏதுங்க?'ன்னு கேக்குறாம்மா. ஒரு பத்து வயசு குறைச்சுப் போடக் கூடாதா?"

"உங்கப்பா மாதிரியா? நெசமாவா அண்ணே?" அக்கா மேஜையைத் தாண்டிக் குதிக்காத குறை. "எங்க வீட்டுச் சாடை துளிகூட இல்லையே?"

"உங்க வீட்டுச் சாடை எனக்கு எதுக்கும்மா வரணும்?" என்று அவர் எரிந்து விழுந்தார்.

அதற்குள் அவள் அடுத்த தாளை எடுத்துவிட்டிருந்தாள். "உக்காருங்கண்ணே. பேசாம."